தாய்மாமன் சீரும் கார்பன் கணக்கும்

வங்கிச் செயலி காட்டிய ஓர் எண்ணுக்காக நான் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போகாமல் இருந்தேன். தாய்மாமன் நான்.

அப்போது ஸ்டாக்ஹோமில் வேலை. அந்தப் பக்கம் கார்பன் கணக்கு பழக்கமாகிவிட்டிருந்தது. பின்லாந்தின் ஆலந்து தீவுகளில் உள்ள ஒரு வங்கி, கார்டில் செய்யும் செலவுக்கு எத்தனை கிலோ கார்பன் என்று சொல்லும் ‘ஆலந்து இண்டெக்ஸை’ 2016இல் கொண்டுவந்தது. ஸ்வீடனில் 2018இல் பிறந்த டோகோனமி அதை மற்ற வங்கிகளுக்கும் எடுத்துப்போனது. 2021இல் மாஸ்டர்கார்டும் அவர்களோடு சேர்ந்து ஒரு கணிப்பானை வெளியிட்டது. என் வங்கியிலும் அப்படி ஒன்று வந்தது. மாதக் கடைசியில் எண் இறங்கியிருந்தால், சர்க்கரை குறைந்த நோயாளியைப் போல எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிவேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். “நீதான்டா வந்து குச்சு கட்டணும்.” டிக்கெட் விலையைப் பார்த்தேன். வாங்கினால் அந்த வருடக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்றும் பார்த்தேன். சீர்ப் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு, “பிளேன்ல வந்தா பூமிக்கு நல்லதில்லக்கா” என்றேன். வெட்கமில்லாமல், இதே வார்த்தைகளில். பெரியப்பா மகன்தான் ஓலை வெட்டிக் குச்சு கட்டினானாம்.

பிறகு ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, சாயங்காலம் அக்கா வீட்டு மாமாவோடு கிணற்றடியில் நின்றேன். 5 எச்.பி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்டேன்.

“விவசாயத்துக்கு ஏதுப்பா பில்லு?”

தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மணிக்குக் கிட்டத்தட்ட நாலு யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன். மணிக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல். செலவு சைபர். அப்படியானால் என் செயலிக்கு இந்த மோட்டாரே கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கடையின் வகையைச் சொல்லும் நாலு இலக்க எண்ணும், கொடுத்த தொகையும்தான். அந்த வகைக்கென்று வைத்திருக்கும் விகிதத்தால் தொகையைப் பெருக்கிவிடும். அதே பிளேன் சீட்டை மலிவான நாளில் வாங்கியிருந்தால், புகையும் மலிவாகக் காட்டியிருக்கும்.

அப்போதுதான் சிங்கப்பூர் ஞாபகம் வந்தது. சடங்கு நடந்த அதே வருடம் கம்பெனி என்னை அங்கே ஒரு கூட்டத்துக்கு அனுப்பியது. டிக்கெட் அவர்கள் எடுத்தது. என் கணக்கில் ஒரு கிராம் ஏறவில்லை. நானும் போய், கூட்டம் முடிந்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். மாமா மடை மாற்றப் போயிருந்தார். நான் காலை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம், அந்தக் கணக்கே தப்பு என்று ஆரம்பித்தேன். கையில் கரண்டியோடு கேட்டாள்: “சரியான கணக்கா இருந்திருந்தா, நீ வராதது சரியாயிருக்குமாடா?”

மாமா, த்ரீ பேஸ் மறுபடி எப்போது வரும் என்று பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் போட ஆரம்பித்தார்.