ஏரிக்கு அடியில் எங்கள் மண்

பல்கலைக்கழகத்திற்கு வந்த முதல் ஆண்டில் விடுதி நண்பன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "உங்க ஊர்லதான் அவ்வளவு பெரிய அணை இருக்கே, அப்புறம் எப்படிடா வெள்ளம் வரும்?"

கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

2013 அக்டோபர் 23. தீபாவளிக்குப் பத்தே நாள் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. ரிங்லெட் ஏரி கனமழையால் நிரம்பி, அணைக்கு ஆபத்து வராமல் இருக்க நள்ளிரவில் நீர் திறக்கப்பட்டது. பெர்த்தாம் ஆறு கரை மீறியது. பெர்த்தாம் வேலியில் உயிர்கள் பலியாயின. ஏறக்குறைய 80 வீடுகள் சேதமடைந்தன. ஆற்றோரம் குடியிருந்த எங்கள் மாமா குடும்பம் கூரைமேல் ஏறி உயிர் தப்பியது. விடிந்ததும் அப்பா மண்வெட்டியோடு கிளம்பினார். நானும் உடன் போனேன். அத்தை தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த புதுத் துணிகளை மாமா சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு நவம்பரிலும் மலையில் மண்வெள்ளம் வந்தது.

நண்பனின் கேள்விக்கான பதிலைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளத்தைத் தடுப்பது அணையின் சுவர் என்று நினைக்கிறோம். உண்மையில் தடுப்பது சுவருக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம்தான்! வெள்ளத் தேக்கக் குளம் மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். பெருமழையின் உச்சத்தில் வரும் நீரை அது வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். 2007-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கமும் அதன் குளங்களும் ஏறக்குறைய 3 மில்லியன் கன மீட்டர் நீரைத் தாங்கி நகரைக் காப்பது இப்படித்தான்.

எங்கள் ரிங்லெட் ஏரியோ மின்சாரத்திற்காக உருவானது. 1963-இல் சுல்தான் அபு பாக்கார் அணை செயல்பாட்டுக்கு வந்தபோது, அந்த ஏரி 6 மில்லியன் கன மீட்டருக்கும் மேல் நீரைக் கொள்ளும். மின்சாரத்திற்கு ஏரியில் நீர் வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க இடம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் மண். அடியில் சேரும் வண்டலுக்கென ஒதுக்கிய பகுதி 80 ஆண்டுகளுக்குப் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் 2010 வாக்கில் ஏரியின் ஏறக்குறைய பாதியை வண்டல் அடைத்துவிட்டது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கம் வழியாக இங்கே திருப்பிவிடப்படுவதால், அந்தப் பக்கத்து மண்ணும் சேர்ந்தே வருகிறது.

இந்த மண் எங்கிருந்து வந்தது?

1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், நம் முன்னோர்கள் இந்த மலையில் கொழுந்து பறித்திருக்கிறார்கள். நன்கு அடர்ந்த தேயிலைச் செடிகள் சரிவைப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். மழைத்துளி நேராக மண்ணில் விழாது. காய்கறித் தோட்டத்திற்கு வெட்டித் திறந்த சரிவு அப்படியல்ல. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து ஆற்றுக்குப் போகிறது.

என் அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சம்பளம் போதாமல் வெளியேறி, காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்டும் மண்வாரி இயந்திரம் ஓட்டினார். அன்று மாமா வீட்டுக் கூடத்தில் சேற்றை வாரிக்கொண்டிருந்தவர், சட்டென்று நின்றார். "இதுல நான் தள்ளுன மண்ணும் இருக்கும்டா," என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. இன்று புரிகிறது. என் பள்ளிச் சீருடையும், தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பேருந்துக் கட்டணமும் அப்பா வெட்டிய அந்தச் சரிவுகளிலிருந்தே வந்தன. அதனால் மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தமிழகத்துக் கிராமங்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. கோடையில் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாருவார்கள். அந்த வண்டலை வயலுக்கே உரமாக எடுத்துச் செல்வார்கள். மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலிங்கு என்ற அமைப்பும் வைத்திருந்தார்கள். ஏரி வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. அதற்குள் இடம் வைத்திருப்பதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரிங்லெட் ஏரியையும் தூர்வாருகிறார்கள். ஆனால் மேலேயிருந்து மண் வந்துகொண்டே இருந்தால், வாரி முடிவது எப்போது?

அப்பா இப்போது இயந்திரம் ஓட்டுவதில்லை. சிறிய துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கோசு பயிரிடுகிறார். நிலத்தின் கீழ்க்கோடியில், ஆள் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டியிருக்கிறார். வாய்க்கால் நீர் அந்தக் குழியில் தங்கி, மண்ணை இறக்கிவிட்டுத்தான் ஓடைக்குப் போகும். ஒவ்வொரு விடுமுறையிலும் அதைத் தூர்வாருவது என் வேலை. வாரிய மண்ணைத் தலையில் சுமந்து மேல் பாத்திகளுக்கே கொண்டுபோய்க் கொட்டுவேன். பாதி நாளிலேயே முதுகு ஒடிந்துவிடும்.

"இந்தச் சின்னக் குழியால என்னப்பா ஆகப்போவுது?" என்று ஒருமுறை அலுத்துக்கொண்டேன்.

"இவ்வளவு மண்ணு உன் மாமா வீட்டுக்குப் போவாது," என்றார் அப்பா.

நண்பனுக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் அதுதான்.