கூரைக்கு எவ்வளவு?

கடந்த மாத இறுதியில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. வந்தவர்கள் பதினொரு பேர். பேசப்பட்டது ஒரே பொருள்: நான்காம் ஆண்டு வகுப்பறையின் கூரை. மழை வலுத்தால் மாணவர்களை நூலகத்திற்கு அழைத்துச் சென்றுவிடுகிறேன். எங்களுடையது தோட்ட நிலத்தில் நிற்கும் பகுதி உதவிபெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. கட்டடத்தைப் பேணும் சுமையில் பெரும்பகுதி வாரியத்தின் மீதும் பெற்றோர் மீதும் விழுகிறது. மாணவர் எண்ணிக்கை 37.

தலைவர் நன்கொடைப் புத்தகத்தை விரித்தார். எப்போதும் காணும் அதே பெயர்கள்தாம்: செம்பனைக் குலை வெட்டுபவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், கோயில் தலைவர். நானும் நூறு ரிங்கிட் எழுதினேன்.

அந்நாள்களில்தான் அமெரிக்காவின் சிற்றூர்ப் பள்ளிகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அங்கே பள்ளிச் செலவில் ஒரு பங்கு, அவ்வட்டார மக்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் கட்டும் சொத்து வரியிலிருந்து வருகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1993 முதல், ஒவ்வொரு பள்ளி வட்டாரமும் வரியாகவும் மாநில உதவியாகவும் பெறக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. மாணவர் தலைக்கணக்கே அதற்கு அடிப்படை. வரம்பைத் தாண்ட வேண்டுமாயின் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எவ்வளவு வேண்டும் என்ற தொகை வாக்குச் சீட்டிலேயே இருக்கும். ஆம் அல்லது இல்லை எனக் குறியிட வேண்டியதுதான்.

தலைக்கணக்கின் வலி சிறு பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து மாணவர்கள் குறைந்தால் ஐந்து பங்குப் பணம் குறைகிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் அப்போதும் வேண்டும். பேருந்து அதே தூரம் ஓடுகிறது. கூரையும் சுருங்குவதில்லை.

அம்மாநிலத்தில் பல்மைரா, ஈகிள் என்னும் இரு சிற்றூர்களைக் கொண்ட வட்டாரம் ஒன்று உண்டு. பல பிள்ளைகள் பக்கத்து வட்டாரப் பள்ளிகளுக்குப் போய்விட்டனர். அவர்களோடு பணமும் போயிற்று. 2019 ஏப்ரலில் கூடுதல் வரிக்கான வாக்கெடுப்பு தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் பள்ளி வாரியமே வட்டாரத்தைக் கலைத்துவிட முடிவெடுத்தது. 2020 சனவரியில் மாநிலக் குழு அதற்கு இணங்க மறுத்தது. பள்ளியை மூடவும் விடவில்லை. நடத்தப் பணமும் வரவில்லை!

அந்த முறையை நான் புகழ வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் வரி உயர்வுக்கு அஞ்சுவது இயல்பு. அவர் அஞ்சியதற்காக ஒரு குழந்தையின் வகுப்பறை மூடப்படுவது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆயினும் ஒன்றைக் கண்டு பொறாமைப்பட்டேன். பிள்ளை இல்லாதவரும், பிள்ளை வளர்ந்துவிட்டவரும்கூட அந்தக் கேள்வியைக் கையில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

நம்மை யார் கேட்டார்கள்? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அன்று தொழிலாளியைக் கேட்கவில்லை. ஊராட்சித் தேர்தல்களும் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவை முடிந்தே போயின. நாம் கட்டும் வீட்டு வரி குப்பைக்கும் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் போகிறது. பள்ளிக்கு அதில் பங்கில்லை.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க முடியாது. என் மகளை நான் இந்தப் பள்ளியில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு அருகில், பட்டணத்தில் உள்ள பெரிய தமிழ்ப்பள்ளியில் சேர்த்தேன். அலைச்சல் மிச்சம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் வந்திருந்தால் அந்த ஆண்டு முதலாம் வகுப்பில் ஆறு பேர் இருந்திருப்பர். பக்கத்து வட்டாரத்திற்குப் பிள்ளைகளை அனுப்பிய அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சென்ற ஞாயிறு நன்கொடைப் புத்தகத்தோடு எங்கள் தாமானில் வீடு வீடாகச் சென்றேன். பள்ளியோடு தொடர்பே இல்லாத வீடுகள். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், மொத்தச் செலவு எவ்வளவு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “முப்பது வருசமா கொடுக்கிறேன். மொத்தம் எவ்வளவுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை,” என்றபடி இருபது ரிங்கிட்டை நீட்டினார்.

மறுநாள் தலைவரிடம் சொல்லிவிட்டேன். குத்தகையாளரின் விலைப்பட்டியல் வந்ததும், முழுத் தொகையையும் பள்ளி வாயிற்கதவில் எழுதி ஒட்டப் போகிறோம்.