திருப்பூர் வட்டாரத்தில் வயதுவந்தோர் கைவினை கற்கும் இடங்கள்

வயதுவந்த ஒருவர் புதிதாக ஒரு கைத்தொழிலைக் கற்கும் முறை, அத்தொழில் அவருக்கு ஓய்வுநேர விருப்பமா, அன்றாடப் பிழைப்பா என்பதைப் பொறுத்து முற்றிலும் மாறிவிடுகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா போன்ற நிறுவனங்களில், அலுவலகப் பணியில் இருப்போரும் இல்லத்தரசியரும் கட்டணம் செலுத்தி மண்பாண்டம் வனையவும் ஓலை முடையவும் பழகுகின்றனர். கைவேலையில் மனம் கொள்ளும் நிறைவே அங்கே போதுமான பயனாகக் கருதப்படுகிறது. திருப்பூரில் நிலைமை வேறு. நாள் முழுதும் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பல லட்சம் தொழிலாளர்கள் வாழும் அந்நகரில், தொழிலாளி தன் கைத்திறனைத் தனக்காகவே விரித்துக்கொள்ளும் பொதுக் கூடம் எதுவும் கள ஆய்வில் எதிர்ப்படுவதில்லை. ஆயினும் அவ்வட்டாரத்தில் வயதுவந்தோர் கைவினை கற்கும் இடங்கள் உள்ளன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் இல்லாத இடம் எது என்பது விளங்கும்.

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையில், பின்னலாடை தைக்கும் பனியன் கம்பெனிகளின் நெரிசல் சற்றே தளரும் திருமுருகன்பூண்டியில், சாலையோரக் கொட்டகைகளில் கருங்கல் சிற்பங்கள் செதுக்கப்படுகின்றன. சுந்தரர் தம் பொருளை வேடுவரிடம் பறிகொடுத்த தலமாகச் சைவ மரபு போற்றும் முருகநாதர் கோயிலின் ஊர் அது. இங்குள்ள சிற்பக்கூடங்களில் தொழில் கற்க வருவோர்க்குப் பாடநூலோ தேர்வோ கிடையாது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக்கலை நிறுவனம் வகுத்துத் தரும் கல்விக்கு இணையான கால வரையறையும் கிடையாது. கற்பவர் முதலில் உளிகளைத் தீயில் காய்ச்சி முனை தீட்டவும், அடுத்துக் கல்லின் முகத்தை மட்டப்படுத்தவும், பிறகு பீடத்தின் நேர்கோடுகளைக் கொத்தவும் பழகுகிறார். அணிகலன்களும் ஆடை மடிப்புகளும் வெகுநாள் கழித்தே அவர் கைக்கு வருகின்றன. முகம் மூத்த சிற்பியிடமே இருக்கிறது. உருவத்தின் அளவுகள் தாலக் கணக்கில் அமைகின்றன. தாலம் என்பது உருவத்தின் முக நீளத்தை அலகாகக் கொண்டு முழு உடலையும் பங்கிடும் முறை. ஒன்பது முக நீளம் கொண்ட உருவம் நவதாலம் எனப்படும். கல்லின் மேல் செங்காவியால் இக்கோடுகள் இடப்படுவதை அருகிலிருந்து பார்க்கும் கற்போர், தாம் கொத்துவது பீடத்தின் ஒரு மூலையே ஆனாலும், அம்மூலை எந்த உருவத்தைத் தாங்கப்போகிறது என்பதை முதல் நாளிலிருந்தே அறிந்திருக்கின்றனர். இறுதியில் கண் திறக்கப்படும் வரை ஒரே கல் அவர்கள் கண்முன் கிடக்கிறது.

இம்முறையைக் குறையற்றதாகப் போற்றுவது பொருந்தாது. கல்லறுக்கும் மின்கருவிகள் வந்த பின் வேலை விரைந்துள்ளதுடன் தூசியும் பெருகியிருக்கிறது. கருங்கல் தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் என்னும் நோய்க்கு மருந்தில்லை என்பதால், முகக்கவசமின்றிக் கொட்டகையில் அமரும் ஒவ்வொரு நாளும் கற்பவரின் ஆயுளிலிருந்து கழிகிறது. இக்கூடங்களில் பெண்கள் உளி பிடிப்பதைக் காண்பது அரிது. என்றாலும், முழுப்பொருளைக் கண்முன் வைத்துக்கொண்டு அதன் ஒரு பகுதியில் கைபழகுதல் என்னும் கல்விநெறி இங்கே உயிருடன் இருப்பதை மறுக்க முடியாது.

அதே சாலையில் திருப்பூருக்குச் சற்று நெருங்கிய அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. செம்பு, பித்தளைத் தகடுகளை அடித்து வளைத்துப் பற்றவைத்து, கடைசல் பிடித்து, உட்புறம் ஈயம் பூசி முடிக்கும் வேலைகள் இங்குப் பட்டறைதோறும் பிரிந்து கிடக்கின்றன; எவர்சில்வர் வந்த பின் பிரிவு இன்னும் கூடியது. தொழில் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறுவதால், வெளியிலிருந்து வரும் வயதுவந்தவருக்கு இங்கே இடம் குறைவு.

பனியன் தொழிலில் அந்த இடம் மிகப் பெரிது. இவ்வட்டாரத்தின் வயதுவந்தோர் கல்வியில் பெரும்பங்கு, அக்கல்வி என்று யாரும் பெயரிடாமலே, பனியன் கம்பெனியின் தளத்தில்தான் நடைபெறுகிறது. தாராபுரம், காங்கேயம் பக்கத்து மானாவாரி நிலங்களை விட்டு வந்தவர்களும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பின் வேலை தேடும் தாய்மார்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து இரயிலேறி வந்தவர்களும் இங்கே முதலில் கைமடியாகச் சேர்கின்றனர். கைமடி என்பவர் தையல்காரரின் பக்கத்தில் நின்று, துணியை மடித்துக் கொடுத்து, தைத்து வெளிவரும் துண்டை வாங்கி அடுக்கி, நூல் பிசிறை நறுக்கும் உதவியாளர். இயந்திரத்தில் அமரும் உரிமை அவருக்கு இல்லை. தையல்காரர் தேநீருக்கு எழும் இடைவெளியிலும் மதிய உணவு வேளையிலும், கட் வேஸ்ட் எனப்படும் வெட்டுக் கழிவுத் துண்டுகளை எடுத்துத் தைத்துப் பார்த்துத்தான் அவர் கைபழக வேண்டியிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் தையல்காரரை அவர் 'அண்ணா' என்றோ 'அக்கா' என்றோ அழைக்கிறார். ஊதியமும் சான்றிதழும் இல்லாத அந்த ஆசிரியர்களே திருப்பூரின் ஏற்றுமதியைக் கட்டி எழுப்பியவர்கள் என்பது மிகையன்று.

அவர்கள் கற்றுத்தரும் திறன் எளியதன்று என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும். நெசவுத் துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று குறுக்கிட்டு இறுகி நிற்கும். பின்னல் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செல்வதால், இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். அத்துணியைச் சாதாரணத் தையலால் மூட்டினால் இழுபடும்போது தையல் அறுந்துபோகும். ஆகவே விளிம்பை வெட்டிக்கொண்டே பல நூல்களால் வளைத்து மூட்டும் ஓவர்லாக் இயந்திரமும், மடித்த ஓரத்தைத் தட்டையாகத் தைக்கும் பிளாட்லாக் இயந்திரமும் தேவைப்படுகின்றன. நிமிடத்துக்கு 5000க்கும் மேற்பட்ட தையல்கள் ஓடும் ஓவர்லாக்கில், துணியை இழுக்காமலும் தளரவிடாமலும் விரல்நுனியால் ஊட்டுவதுதான் வித்தை. சற்று இழுத்தால் ஓரம் அலையலையாகிவிடும், சற்றுத் தளர்ந்தால் சுருக்கம் விழும். இவ்வித்தை சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

ஆனால் இவ்வளவு நுட்பமாகப் பழகிய கை, ஒரு முழு ஆடையைத் தானே செய்ததில்லை என்பதே பனியன் தொழிலின் பெரிய முரண். ஒரு சாதாரண அரைக்கைச் சட்டையில் தோள் மூட்டுபவர் ஒருவர், கழுத்துப்பட்டை ஏற்றுபவர் ஒருவர், கை ஏற்றுபவர் ஒருவர், பக்கம் மூட்டுபவர் ஒருவர், அடிமடிப்பு அடிப்பவர் ஒருவர் என வேலை பகுக்கப்பட்டிருப்பதால், பத்தாண்டு கழுத்துப்பட்டை ஏற்றிய ஒருவருக்கு அச்சட்டையின் அளவு எவ்வாறு வரையப்பட்டது என்பது தெரியவேண்டிய அவசியமே எழுவதில்லை. வெட்டும் மேசையில் 'மாஸ்டர்' என்று அழைக்கப்படும் கட்டிங் மாஸ்டரிடம் அந்த அறிவு தங்கிவிடுகிறது. முதலிபாளையத்தில் 1997 முதல் இயங்கும் நிஃப்ட்–டீ பின்னலாடைக் கல்லூரி வடிவமைப்பையும் உற்பத்தி மேலாண்மையையும் கற்பிக்கிறது. ஆனால் அதன் மாணவர் பள்ளி முடித்து வரும் இளைஞரே. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் சமர்த் போன்ற திறன் பயிற்சித் திட்டங்கள் வயதுவந்தோரைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலும் பயிற்றுவிக்கப்படுவது இயந்திரத்தை இயக்கும் வேலையே.

இக்குறையைத் தொழிலாளர்கள் தாமே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்குக் குடியிருப்புத் தெருக்களின் தையல் வகுப்புகள் சான்று. பாண்டியன் நகர், வேலம்பாளையம், நல்லூர் போன்ற பகுதிகளில், வீட்டின் முன்னறையில் நான்கைந்து கால்மிதி இயந்திரங்களைப் போட்டு நடத்தப்படும் இவ்வகுப்புகளில், ரவிக்கையும் சுடிதாரும் அளவெடுத்து, காகிதத்தில் வரைந்து, வெட்டித் தைக்கக் கற்றுத்தரப்படுகிறது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கான கீழ்நிலை, மேல்நிலைச் சான்றிதழ்களுக்கு முயல்வோரும் இங்கு உண்டு. பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டே இவ்வகுப்புக்கு வரும் பெண்கள், வேகத்தில் 'டீச்சரை' மிஞ்சிவிடுகின்றனர். ஆனால் அளவுநாடாவைப் பிடித்துத் தோளிலிருந்து இடைவரை அளந்து, அந்த எண்ணைத் தாளில் வளைகோடாக மாற்ற வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கின்றனர். அத்தயக்கம் நீங்கித் தாம் வெட்டிய துணி தம் உடலுக்குப் பொருந்துவதைப் பார்க்கும் நாளில், அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி கூலியோடு தொடர்புடையதன்று. இவ்வட்டாரத்தில் சமூகக் கலைக்கூடத்துக்கு மிக நெருங்கிய இடம் இந்த முன்னறையே.

முழுத் தொழிலையும் வயதுவந்தோர்க்குக் கற்பிக்கும் முயற்சி திருப்பூருக்குப் புதிதன்று. 1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2000 கெஜம் நூல் அளிக்கவேண்டும் என்று விதித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் நிறுவப்பட்டபோது, அதன் முதல்நிலை உறுப்பினர்கள் மாதம் 1000 கெஜம் தாமே நூற்றுத் தரவேண்டும் என்றாயிற்று. அச்சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதுவரை ராட்டையைத் தொட்டறியாத வழக்கறிஞரும் வணிகரும் ஆசிரியரும், கொட்டை நீக்கி, வில்லடித்து, பஞ்சைத் திரியாக்கி, கதிரில் இழுத்து, சிட்டமாகச் சுற்றுவது வரையிலான படிகளைக் கிராமத்துப் பெண்களிடம் கற்கவேண்டியிருந்தது. படித்தவர் மாணவராகவும் பாடுபடுபவர் ஆசிரியராகவும் அமர்ந்த அந்த ஏற்பாடு, அளவில் சிறிதாயினும், இந்நாட்டு முதியோர் கல்வி வரலாற்றில் பெரிய நிகழ்வு. 1944இல் காந்தியடிகள் சங்கத்தின் போக்கையே மாற்ற முனைந்து, கூலிக்காக மட்டும் நூற்பதை விடுத்து, எல்லாப் படிகளையும் அவற்றின் காரணத்தோடு புரிந்துகொண்டு நூற்கவேண்டும் என வலியுறுத்தினார். திருப்பூரில் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த 1946 முதல் 1949 வரையிலான காலத்தில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைப் பரப்ப முயன்றவர். 1925ஆம் ஆண்டையொட்டி இந்நகருக்கு வந்த பின்னல் இயந்திரங்கள் பிற்காலத்தில் நகரையே தமதாக்கிக்கொண்டன. கதர் பின்னுக்குப் போனது. கதரோடு அதன் கல்விநெறியும் போகவேண்டியிருந்ததா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இந்நெறியின் வேர்களில் ஒன்று வெகுதொலைவில் இருக்கிறது. லண்டனில் 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உழைப்பாளர் கல்லூரியில், பகலில் தச்சராகவும் கொல்லராகவும் உழைத்தவர்களுக்கு மாலையில் ஓவியம் கற்பித்தவர் ஜான் ரஸ்கின். தச்சரை ஓவியராக்குவது தம் நோக்கமன்று, தச்சராகவே அவர் மேலும் மகிழ்ந்து வாழச் செய்வதே நோக்கம் என்ற பொருளில் அவர் விளக்கமளித்தார். உழைப்பைத் துண்டாக்குவது மனிதனையே துண்டாக்குகிறது என்பது அவர் ஓயாது வாதாடிய கருத்து. அவருடைய நூலொன்றை 1904இல் தென்னாப்பிரிக்க இரயில் பயணத்தில் படித்த காந்தியடிகள் தம் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார் என்பது நன்கறிந்த செய்தி. அந்த வழியில்தான் அக்கருத்து திருப்பூரின் ராட்டைகளையும் வந்தடைந்தது. கைவினையும் ஓவியமும் ஒன்றுக்கொன்று அயலல்ல என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு: கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் வேலையே தொடக்க ஆண்டுகளில் ஓவியர்களுக்குச் சோறிட்டது.

தொழிலாளி தன் கைத்திறனைத் தனக்காகவே விரித்துக்கொள்ளும் கூடம் ஒன்று திருப்பூரில் அமைவதற்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. பிற நகரத்துக் கைவினை வகுப்புகள் விலை கொடுத்து வாங்கும் மூலப்பொருள் இங்கே மூட்டை மூட்டையாக எடைக்கு விற்கிறது. சிங்கிள் ஜெர்சி எனப்படும் ஒற்றைப் பின்னல் துணியைக் கண்ணிவரிசையின் போக்கிலேயே குறுக்காக, பட்டையாக வெட்டி மெல்ல இழுத்தால், அதன் ஓரங்கள் தாமே சுருண்டு உருண்டையான கயிறுபோல் ஆகிவிடும்; அதைக் கொண்டு பை, கால்மிதி, கூடை ஆகியவற்றைக் கொக்கி ஊசியால் பின்னலாம், தறியில் ஊடாகவும் கோக்கலாம். வெட்டுக் கழிவிலிருந்து கால்மிதி செய்யும் பெண்கள் இவ்வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றனர். உரு வரையக் கற்றுத்தரத் திருமுருகன்பூண்டியின் சிற்பிகளும், அளவு வரையக் கற்றுத்தரக் கட்டிங் மாஸ்டர்களும், நூற்பைக் கற்றுத்தரக் கதர்ப்பணி செய்யும் சர்வோதய சங்கங்களின் மூத்த நூற்போரும் பேருந்துத் தொலைவில் வாழ்கின்றனர். குறைவாக உள்ளது நேரம் ஒன்றே. காலை 8.30 மணிக்குத் தொடங்கி இரவு 8.30 வரை நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' முடித்த உடலிடம் எந்தக் கலையையும் எதிர்பார்க்க முடியாது என்பதால், கூடத்தைப் பற்றிய பேச்சு வேலைநேரத்தைப் பற்றிய பேச்சாகவும் இருந்தாக வேண்டும்.

ஆகவே இக்கூடத்துக்கான வேண்டுகோள் மூவரை நோக்கியது. திருப்பூர் மாநகராட்சி தன் பள்ளிகளில் ஒன்றையேனும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்குத் திறந்துவிடலாம். ஏற்றுமதியாளர்கள் பழைய இயந்திரங்களையும் கழிவுத் துணியையும் அளித்து, வாரத்தில் ஒரு மாலையை ஊதியத்தோடு விடுவிக்கலாம். பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தத்தைத் தாங்கி நடத்திய தொழிற்சங்கங்கள், அந்த ஒரு மாலையைத் தம் அடுத்த கூலி ஒப்பந்தக் கோரிக்கைகளில் எழுதிச் சேர்க்கலாம்.