காலாதூங்கியும் கார்பெட்டின் துப்பாக்கியும்

ஹல்த்வானி ரயிலடியில் இறங்கி மேற்கே சென்றால் காலாதூங்கி. புலிவேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் இல்லம் அங்கே காட்சிசாலையாக விளங்குகிறது. மொகாமே காட் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கு மாற்றும் பணியை நடத்தியவர். ஆதலால் நம் இனத்தவர் என்பேன்!

436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் புலியை 1907இல் வீழ்த்தியமைக்கு அவர் பெற்ற பரிசு, .275 ரிக்பி துப்பாக்கி. ஏழு மில்லிமீட்டர்க் குண்டு; யானை வேட்டைக்குரிய பெருந்துப்பாக்கிகளின் முன் அது சிறுபிள்ளை. கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியும் அவரிடம் இருந்தது. ஆயினும் செங்குத்து மலைகளில் நாள் முழுதும் சுமந்து திரிபவனுக்குக் கனமா பெரிது? எடுத்தவுடன் தோளில் பொருந்துவதும் குறி தப்பாமையுமன்றோ வேண்டுவன! ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைத் தேடியபோதும் இதனையே ஏந்தினார்.

அத்துப்பாக்கியைக் காட்டுவதாகக் குழந்தைகளுக்கு வாக்களித்து அழைத்துச் செல்லாதீர்கள். 2015இல் ரிக்பி நிறுவனத்தாரே அதனைத் திரும்ப வாங்கிக்கொண்டனர்.