உலக உருண்டையும் எங்கப்பா லாரியும்

சுற்றுலாவில் டெல்லி போனபோது குதுப்மினார் அருகே நாம் அடித்த லூட்டியை எழுத ஆளிருக்கிறது. நேரு கோளரங்கத்தில் நான் பார்த்த பெரிய மணி போன்ற கூண்டைப் பற்றி எழுதுகிறேன்.

அது சோயுஸ் டி-10. 1984 ஏப்ரல் 3-ல் ராகேஷ் சர்மா ஏறிப்போனது டி-11. சல்யூட்-7 நிலையத்தில் தங்கிவிட்டு ஏப்ரல் 11-ல் இறங்கியது, அங்கே முன்பே நின்றிருந்த டி-10-ல். (நாம தாராபுரத்துல பஸ் மாறுற மாதிரிதான்!) அகலம் 2.2 மீட்டர். அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு மூன்று பேர். நடுவில் கமாண்டர் மாலிஷெவ், இடப்பக்கம் இன்ஜினியர் ஸ்ட்ரெகாலோவ், வலப்பக்கம் சர்மா. பெல்ட் போட்டபின் கை எட்டாது என்பதால் சோயுஸ் கமாண்டர்கள் ஒரு குச்சியால்தான் பட்டனை அமுக்குவார்களாம்!

என்னைக் கட்டிப்போட்டது வேறு. அந்தக்கால சோயுஸ் பலகையில் 'குளோபஸ்' என்று ஒரு சின்ன உலக உருண்டை. உள்ளே முழுக்கப் பல்சக்கரம், கேம், டிஃபரன்ஷியல் - நம்ம மெக்கானிக்கல் ஆட்கள் சாமான்! அது வெளியே எதையும் பார்ப்பதில்லை. இருக்கும் இடத்தையும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தையும் வைத்துவிட்டால், இந்நேரம் எந்த ஊருக்கு மேலே என்று தானே சுற்றிக் காட்டும். 2002-ல் டிஎம்ஏ ரகம் வரும்வரை இதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு குளோபஸ் உண்டு. அம்மா. அப்பா காங்கேயத்திலிருந்து கொப்பரை லோடு ஏற்றி டெல்லி போவார். ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அம்மா உரலில் மாவாட்டிக்கொண்டே, "இந்நேரம் ஐதராபாத் தாண்டியிருப்பாருடா கண்ணு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் பத்தாவது படிக்கையில் ஒருநாள், "இன்னிக்கு டெல்லி சேர்ந்திருப்பாரு" என்று அம்மா பாயசம் வைத்தார். வண்டி இரண்டு நாள் முன்பே நாக்பூர் பக்கம் கவிழ்ந்து, அப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன்பின் அவர் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

டெல்லியிலிருந்து வந்து குளோபஸ் கதையை அவரிடம் சொன்னேன். தாங்குகட்டையை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"நடுவுல ஏதாச்சும் ஆயிட்டா அந்த உருண்டைக்குத் தெரியுமா சாமி?"

"தெரியாதுங்கப்பா. ஆளுகதான் திருத்தி வெக்கோணும்."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்குக் கிளீனர் பையன் உடனே போன் பண்றேன்னுதான் சொன்னான். நாந்தான் வேண்டாம்னுட்டேன். அம்மாகிட்டச் சொல்லீராதே."