மடங்கிய மணிக்கட்டு

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் மருத்துவக் குழு பரேல் கே.ஈ.எம். மருத்துவமனைக்குச் சென்றது. மூவருள் ஒருவர், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சயான் லோகமான்ய திலக் மருத்துவமனையின் மனநலத் துறைத் தலைவர். அவர்கள் காணச் சென்றது அருணா ஷான்பாக்கை. அம்மருத்துவமனையிலேயே செவிலியராக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே தாக்கப்பட்டு, மூளைக்கு ஆக்ஸிஜன் தடைப்பட்டதால் 37 ஆண்டுகளாகப் படுக்கையில் கிடந்தவர்.

அந்த உடலில் படுக்கைப்புண் இல்லை. ஆனால் கைகால் மூட்டுகள் மடங்கி இறுகியிருந்தன.

முன்னதை நீதிமன்றம் முதல் நாளிதழ்கள் வரை போற்றின, போற்றத்தக்கதே. பின்னது, அவ்வாழ்வின் அவலத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் பேசப்பட்டது. இரண்டும் ஒரே கைகளின் பராமரிப்பில் இருந்த ஒரே உடலின் செய்திகள் என்பதை எண்ணியவர் குறைவு.

தோலைக் காக்க, உடலைப் புரட்டிப் படுக்கவைத்து ஈரமின்றி வைத்திருப்பது பெரிதும் உதவும். மூட்டின் கணக்கு வேறு. அசையாத தசை சில வாரங்களிலேயே நீளம் குறையத் தொடங்குகிறது. மூட்டைச் சூழ்ந்த உறை தடிக்கிறது. மூளை பாதிக்கப்பட்டவரிடமோ தசையே ஓயாமல் இழுத்து மடக்குகிறது. பிறர் கைகொடுத்து மூட்டுகளை அசைத்துவிடும் பயிற்சி இதைத் தடுக்குமா என்று ஆராய்ந்த 2013ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வுக்குக் கிடைத்தவை இரண்டே சோதனைகள், 122 பேர். உறுதியான முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இழுத்து நீட்டும் பயிற்சியைப் பற்றிய 2017ஆம் ஆண்டு மீளாய்வு, நரம்புப் பாதிப்புள்ளோரின் மூட்டசைவில் அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே கூறியது.

ஆகவே, சயானிலோ செம்பூரிலோ முதியோர் இல்லத்தில் தாயைச் சேர்த்துள்ள மகள், மடங்கிய விரல்களைக் கண்டு ஆயாவைக் கடிந்துகொண்டால், அது நியாயமாக இராமற்போகலாம். படுக்கைப்புண் இல்லாமை பராமரிப்புக்குச் சான்று. மூட்டு இறுகியிருப்பது பராமரிப்பின்மைக்குச் சான்றாகிவிடாது. இவ்வேறுபாடு இல்லங்களை மதிப்பிடுவோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அசைக்கவே வேண்டாமா? அதுவும் பொருந்தாது. பயிற்சியின் அளவுகோலைக் கோணமானியிலிருந்து அன்றாடத்துக்கு மாற்றவேண்டும். மூடிய உள்ளங்கையைத் திறந்து கழுவ முடிகிறதா, நகம் தோலில் பதியாமல் இருக்கிறதா, ரவிக்கைக் கையை வலியின்றி நுழைக்க இயலுகிறதா, தொடைகளை விலக்கித் துடைக்க முடிகிறதா என்பவையே கேள்விகள். அவற்றுக்குத் தனி நேரம்கூட வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது மூட்டின் மேலும் கீழும் தாங்கிப் பிடித்து மெல்ல நீட்டலாம், தடை தெரிந்த இடத்தில் நின்றுவிடலாம். பக்கவாதம் கண்ட தோளை மட்டும், எவ்வளவு அவசரமானாலும், கையைப் பற்றி இழுத்துத் தூக்கக் கூடாது.

இதற்கெல்லாம் தேவை ஆள்தான். 1980களில் அருணாவை வேறிடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது செவிலியர் போராடித் தடுத்தனர். 2015 மே 18 அன்று அவர் இறக்கும்வரை, ஒரு தலைமுறை ஓய்வுபெற அடுத்த தலைமுறை வந்து, அந்தக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது.