555 புத்தகமும் பத்து வெள்ளியும்



தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு 555 புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு குறிப்பேட்டின் அட்டையில் அச்சிட்டிருந்த எண்ணே அதற்குப் பெயராயிற்று. மலாய்க்காரர்கள் 'பூக்கு தீகா லீமா' என்பர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று மளிகைக் கடையில் வாங்கியவை எல்லாம் அதில் பற்றாக ஏறும். சம்பள நாளன்று கடைக்காரருக்குக் கொடுத்தது போக எஞ்சியதே வீட்டுக்கு. நம் முன்னோர் சிக்கனம் அறியாதவர் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையெனில் கூலியும் இல்லை. அத்தகைய வாழ்க்கையில் கடன் புத்தகம் ஊதாரித்தனத்திற்குச் சான்றாகாது.

அதே மக்கள்தாம் 1960-இல் வேறொன்றையும் செய்து காட்டினர். நாடு விடுதலை பெற்றபின் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றதால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அவ்வேளையில், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தலாம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. தோட்டந்தோறும் சென்று அவர் பேசினார், மக்கள் கொடுத்தனர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. 555 புத்தகத்தில் பாக்கி வைத்திருந்த கைகளே அந்தப் பத்து வெள்ளியையும் நீட்டின என்பதை நம் மாணவர்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்போம்?

இனி இன்றைய நிலைக்கு வருவோம். தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் நம் பிள்ளைகள் செலவழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியிலோ 11.11 என்றும் 12.12 என்றும் மாதத்திற்கொரு மலிவு விற்பனை. 'இப்போது வாங்கிப் பிறகு கட்டு' என்னும் வசதியும் வந்துவிட்டது. இதுவும் 555 புத்தகந்தான். ஆனால், "போன மாசப் பாக்கியே இருக்கேம்மா" என்று முகம் பார்த்துச் சொல்லும் கடைக்காரர்தாம் இதில் இல்லை.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். தோட்டம் செம்பனையானபின் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பம். தைப்பூசத்தன்று கையிலிருந்த 10 வெள்ளியையும் முதற்கடையிலேயே கொடுத்து விளக்கெரியும் பம்பரம் ஒன்றை வாங்கினான். பேருந்து ஏறும் முன்னரே அது உடைந்தது. "ஏன் ஐயா அவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். "வீட்டுக்குக் கொண்டு போனா அம்மா வாங்கிக்குவாங்க சார். தீபாவளிக் காசையும் அப்படித்தான் வாங்கினாங்க. தரவே இல்ல," என்றான்.

அவன் சொன்னதில் பிழை காண இயலவில்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 சிறு பிள்ளைகளைக் கொண்டு நடத்திய சோதனை ஒன்று 2013-இல் வெளிவந்தது. நல்ல வண்ணக்கோல் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பெரியவரிடம், பின்னர் இனிப்பைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடமே பொறுத்தனர். வாக்குக் காத்தவரிடம் 12 நிமிடம் பொறுத்தனர். தோட்டத்து மக்கள் மாதாமாதம் பத்து வெள்ளி கொடுத்ததற்கும், கேட்டவர்மீது அவர்கள் வைத்த நம்பிக்கை ஒரு காரணமன்றோ?

ஆகவே, சேமிப்பைப் பற்றிப் பிள்ளைக்குப் போதிக்கும் முன், பிள்ளையிடம் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். உடனே இயலாதெனில் எழுதியேனும் கொடுங்கள். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கின்றனர். ஒரு பக்கத்தில் வாங்க விரும்பும் பொருளும் அதன் விலையும் இருக்கும். எழுதி மூன்று இரவு கழிந்தபின் மீண்டும் படித்து, வேண்டாதவற்றை அவர்களே அடித்துவிடுவர். எதிர்ப்பக்கத்தில் வீட்டார் அவர்களிடம் பெற்ற கடன். கையெழுத்து வேண்டும் என்றதும் சில தாய்மார்கள் சிரித்தனர். ஒரு தந்தைக்குக் கோபமும் வந்தது. இருப்பினும் பலர் ஒப்பமிட்டனர். அந்த மாணவனின் தாயார் 35 வெள்ளி என எழுதிக் கையெழுத்திட்டு, மூன்று தவணையில் தீர்த்துவிட்டார்.

அடுத்த தைப்பூசத்திலும் அவன் வாங்கியது விளக்குப் பம்பரந்தான். மூன்று இரவு கழிந்தும் அவன் அதை அடிக்கவில்லை. நான்கு கடைகளில் விலை கேட்டு, கடைக்காரரைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்து, 6 வெள்ளிக்கு வாங்கி வந்தான்.